சூடு தாங்காத பெட்டி

வெப்பக் குழுவின் பொறியாளர் போனில் "உங்க பக்கத்துக்கு ஒரு நல்ல செய்தி" என்று ஆரம்பித்தபோது, தையலக்கா பட்டறையில் ஒரு சட்டைக் கையை மெஷினில் கொடுத்து ஓட்டிக்கொண்டிருந்தாள். போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டாள். நல்ல செய்தி என்றால் கூரை வந்துவிட்டது என்றுதானே நினைப்பாள்? அவரோ, கால்வாயோரத்தில் நாங்கள் பயந்த அளவுக்கு வெப்பம் இல்லை என்றார். வீடுகளில் மாட்டியிருக்கும் வெப்பம் அளக்கும் பெட்டிகள் அப்படித்தான் சொல்கின்றனவாம். மேட்டுத் தெருவைவிட இங்கே நன்றாகவே குளுமையாம். அதனால் இந்தக் கோடைக்கான கூரைகள் மேட்டுத் தெருவுக்குப் போகும், நாளை மதியக் கூட்டத்தில் முடிவாகிவிடும், நீங்களும் வந்துவிடுங்கள் என்று அன்பாகச் சொல்லிவிட்டு வைத்தார். போனை இறக்கிவிட்டுப் பார்த்தால், சட்டைக் கை காலரோடு சேர்ந்து தைக்கப்பட்டிருந்தது.

குளுமையாம். கால்வாயோரத்து வீடுகள் ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு நிற்பவை. எல்லாவற்றுக்கும் தகரக் கூரைதான். உச்சி வேளையில் உள்ளே நிமிர்ந்து நின்றால் உச்சந்தலை சுடும். வருஷா வருஷம் வெயில் ஏறிக்கொண்டே போகிறது, தகரம் மட்டும் அதே தகரம். போன கோடையில் ஒரு வீட்டில் பிளாஸ்டிக் நாற்காலியின் கால் சூட்டில் வளைந்து, அதில் உட்கார்ந்திருந்த மாமனார் மெல்ல மெல்லத் தரைக்கு இறங்கினார். அதைச் சொல்லிச் சொல்லித் தெருவே சிரித்தது. அதே கோடையில் தையலக்காவின் தங்கைக்கு நடந்ததைப் பற்றி மட்டும் யாரும் பேச்செடுப்பதில்லை.

தங்கைக்கு அப்போது ஏழாம் மாதம். மூன்று நாள் விடாமல் அனல் அடித்த ஒரு வாரத்தில் வயிற்றில் அசைவு நின்றுபோயிற்று. உடம்பில் சூடு ஏறிவிட்டது, அடுத்த தடவை இவளைக் குளுமையான இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள் என்றார் டாக்டர். எந்த இடத்தில் என்று அவரும் சொல்லவில்லை, இவர்களும் கேட்கவில்லை. இப்போது அடுத்த தடவையும் வந்துவிட்டது. எட்டாம் மாதம் நடக்கிறது. தங்கையின் புருஷன் எங்கோ தொலைவில் அணை கட்டுகிற இடத்தில் கம்பி கட்டிக்கொண்டிருந்தான். வீட்டில் அக்காவும் தங்கையும், ஒரு கட்டிலும், ஒரே ஒரு மேஜை விசிறியும்தான்.

இந்த வயிற்றுக்காகத்தான் தையலக்கா அந்தக் குழுவில் போய் உட்கார்ந்தாள். நகரத்தில் வெப்பத்தைச் சமாளிக்க ஒரு குழு போட்டிருந்தார்கள். இதற்கு முன்பும் எத்தனையோ குழுக்கள் கால்வாயோரத்து மக்களுக்கு எது நல்லது என்று கால்வாயோரத்துப் பக்கமே வராமல் பேசிக் கலைந்திருக்கின்றன. இந்தத் தடவை யாருக்கோ புத்தி வந்து, அந்தந்தத் தெரு ஆள் ஒருவர் குழுவில் இருக்கட்டும் என்றார்கள். மற்றவர்களுக்கு நேரமில்லை, இவளுக்கு வாய் இருக்கிறது என்று சொல்லி வேலையை இவள் தலையில் கட்டினார்கள். தகரத்துக்கு மேலே வெள்ளைப் பூச்சு, கீழே சூட்டைத் தடுக்கும் பலகை. அதுதான் திட்டம். இந்தக் கோடைக்கு ஒரே ஒரு குடியிருப்புக்குத்தான் சாமான் இருக்கிறது, எங்கே வீட்டுக்குள் வெப்பம் அதிகமோ அங்கே முதலில் போடுவோம் என்றார்கள்.

வெப்பத்தை அளக்கப் பெட்டிகள் வந்தன. உள்ளங்கை அகலத்தில் வெள்ளையாக, நெற்றியில் ஒரு சின்னப் பச்சை விளக்கோடு. விலை கூடியவை, பத்திரம், மாட்டின இடத்தைவிட்டு மாற்றாதீர்கள், மாற்றினால் அந்தக் குடியிருப்பே திட்டத்திலிருந்து போய்விடும் என்று பொறியாளர் பொதுவாகச் சொன்னார். அதோடு விட்டிருக்கலாம். தையலக்கா வீடு வீடாகப் போய்த் தன் பங்குக்கு ஒன்றைச் சேர்த்தாள்.

"வீட்டுக்கு வந்த குழந்தை மாதிரி பாத்துக்குங்க. இது நல்லா இருந்தாதான் நம்ம தலைக்கு மேல கூரை."

போன் வந்த மறுநாள் பட்டறையில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு, கூட்டத்துக்குப் போகுமுன் அந்தக் குழந்தைகளை ஒரு நடை பார்த்துவிடலாம் என்று வந்தாள். இதுவரை வேலை முடிந்து பொழுது சாய்ந்த பிறகுதான் சுற்றிப் பார்த்திருக்கிறாள். அப்போதெல்லாம் பெட்டிகள் ஒழுங்காகச் சுவரில் பச்சையாக மினுக்கிக்கொண்டிருக்கும். இன்று வெயில் உச்சியில் நின்றது. தெருவில் நாய்கூட இல்லை.

முதலில் மூட்டைக்காரர் வீடு. மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர், வாசலுக்கு மட்டும் குனிவார், வேறு யாருக்கும் குனியமாட்டார். உள்ளே போய்ச் சுவரைப் பார்த்தால் வெறும் ஆணிதான் இருந்தது. பெட்டி தண்ணீர்ப் பானைக்கு அடியில் ஈர மணலில், நனைத்த துணி சுற்றிக்கொண்டு சுகமாகப் படுத்திருந்தது. பச்சை விளக்கு துணிக்குள்ளிருந்து கண் சிமிட்டியது.

இது ஏன் இங்கே என்று தையலக்கா கேட்டாள். அவர் பெருமையாக விளக்கினார். பகலில் வெயில் ஏறினால் பெட்டியில் சிவப்பு விளக்கு வருகிறது, முதல் நாளே பதறிவிட்டோம், உடனே மணலில் வைத்ததும் பச்சைக்குத் திரும்பிவிட்டது என்றார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. தகரத்துக்குக் கீழே வாழ்கிறவர்கள் எல்லா மெஷினையும் அப்படித்தான் வைத்திருப்பார்கள். போனைச் சுவரோரம் வைத்தால் வீங்கி முதுகு பிளந்துவிடும். ரேடியோ கரகரத்து உயிரை விடும். அதனால் வெயில் ஏறியதும் போன்கள் பானையடிக்குப் போகும், பொழுது சாய்ந்ததும் எழுந்து வரும். கால்வாயோரத்தில் குழந்தைக்கும் தெரிந்த பழக்கம் அது. தையலக்காவின் போனே அந்த மணலில் எத்தனை மதியம் தூங்கியிருக்கிறது.

"மனுஷன் எப்படியோ தாங்கிக்குவான்மா. மெஷின் தாங்குமா?" என்றார் மூட்டைக்காரர்.

அடுத்த வீட்டில், நாலு வீடுகளில் பாத்திரம் தேய்க்கிற பாத்திரக்காரம்மா பெட்டிக்கு ஈரச் சாக்கில் தொட்டிலே கட்டியிருந்தாள். அதற்கடுத்த வீட்டில் பெட்டி குளியல் அறைத் தொட்டியின் விளிம்பில் இருந்தது. முனைக் கடைக்காரர் இன்னும் ஒரு படி மேலே போய்விட்டார். தெருவிலேயே அவரிடம்தான் ஃப்ரிட்ஜ் இருந்தது. குளிர்பானப் பாட்டில்களுக்கு நடுவே பெட்டியை உட்கார வைத்திருந்தார். பொறியாளர் ஒரு பெட்டி பழுது என்று ஒதுக்கிவைத்திருப்பதாகச் சொன்னாரே, அது இதுவாகத்தான் இருக்கும். வேறு நாளாக இருந்தால் தையலக்கா விழுந்து விழுந்து சிரித்திருப்பாள்.

விஷயத்தைப் புரிய வைத்ததும் கடைவாசலில் கூடியவர்களின் முகம் செத்துப்போயிற்று. கூரை வரட்டும் என்று செய்த காரியம்தான் கூரையைத் துரத்திவிட்டது. ஆனால் கூட்டத்தில் போய்ச் சொல்லப்போகிறேன் என்று அவள் சொன்னதும் சோகம் பயமாக மாறிற்று. இடம் மாற்றினால் திட்டத்திலிருந்தே போய்விடும் என்று சொன்னது எல்லோருக்கும் நினைவிருந்தது. மூட்டைக்காரர் கடைசியாக வாயைத் திறந்தார்.

"இந்த வருஷம் போனா அடுத்த வருஷம் வரும். நீ போய் உளறினா எப்பவுமே வராது. எங்க தலையில மண்ணை வாரிப் போட்டுடாத."

அவருக்கு அடுத்த வருஷம் என்று ஒன்று இருந்தது. எட்டாம் மாதத்துக்கு அடுத்த வருஷம் ஏது? அதை அவரிடம் சொன்னால் கோபித்துக்கொண்டது போலாகும் என்று தையலக்கா மென்று விழுங்கினாள். தன் வீடு தெருவின் மறுகோடியில் இருந்தது. போய் வர நேரமில்லை. தங்கைக்குப் போன் போட்டாள். நம்ம பெட்டி எப்படி இருக்கிறது, நீயும் ஏதாவது பண்ணிவைத்திருக்கிறாயா என்று கேட்டாள்.

"நீ மாட்டின இடத்துலயேதான் இருக்கு. நான் கையால தொட்டதுகூட இல்ல அக்கா. சத்தியமா."

தங்கைக்குப் பொய் சொல்ல வராது. ஒரு பெட்டியாவது யோக்கியமாக இருக்கிறது என்று தையலக்காவுக்கு உயிர் வந்தது. குரல் கொஞ்சம் தளர்ந்திருந்ததோ என்று நடந்துகொண்டே ஒரு கணம் யோசித்தாள். இந்த வெயிலில் யார் குரல்தான் கணீரென்று இருக்கும் என்று விட்டுவிட்டாள்.

கூட்டம் வட்டார அலுவலகத்தின் மாடியில். கதவைத் திறந்ததுமே ஏ.சி. குளிர் முகத்தில் அறைந்தது. வியர்வை முதுகோடு ஒட்டிச் சில்லிட்டது. நீளமான மேஜை, ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில். குழுத் தலைவி தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார். வளவளப்பு பிடிக்காத பெண்மணி. மேட்டுத் தெருவுக்காக ஒரு பால்காரர் வந்திருந்தார், சட்டைக்கு இஸ்திரி போட்டு, முகத்தில் நம்பிக்கையோடு. பொறியாளர் திரையில் இரண்டு கோடுகளைக் காட்டினார். மேலே சிவப்பாக மேட்டுத் தெரு, கீழே நீலமாகக் கால்வாயோரம். யாருக்காவது ஆட்சேபம் உண்டா என்று தலைவி சம்பிரதாயத்துக்குக் கேட்டார்.

தையலக்கா எழுந்து நின்றாள். மூட்டைக்காரரின் முகம் கண் முன்னால் வந்தது. பிறகு தங்கையின் வயிறு வந்தது. மணல், தொட்டில், ஃப்ரிட்ஜ் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டாள். ஃப்ரிட்ஜ் என்றதும் யாரோ சிரித்தார்கள், பிறகு மற்றவர்கள் சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்கள்.

மாற்றினால் என்ன ஆகும் என்று அன்றைக்கே சொன்னோமே என்றார் தலைவி, குரலை உயர்த்தாமல்.

"தெரியும்மா. அவங்க மேல தப்பு இல்ல. குழந்தை மாதிரி பாத்துக்குங்கன்னு வீடு வீடா போய்ச் சொன்னது நான். சிவப்பு லைட்டைப் பாத்து அதுக்கு உடம்பு சரியில்லன்னு நினைச்சுட்டாங்க."

பொறியாளர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். சிவப்பு விளக்கு என்றால் வெப்பம் எல்லை தாண்டிவிட்டது என்று மட்டும்தான் அர்த்தம், அதை யாரிடமும் சொல்லவேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை என்று ஒப்புக்கொண்டார். பால்காரருக்கு முகம் சுருங்கியது. அவர் பக்கமும் நியாயம் இருந்தது. எங்கள் தெருவிலும் சிவப்பு எரிந்தது, எங்கள் பக்கமும் கைக்குழந்தைகள் இருக்கிறார்கள், சரியான அளவே கையில் இல்லாத ஒரு தெருவுக்காக எங்களை எப்படி நிறுத்துவீர்கள் என்று கேட்டார். தலைவி பொறியாளரைப் பார்த்தார். ஒரே ஒரு பெட்டி மாட்டின இடத்திலேயே இருந்திருந்தால்கூடப் போதும், அதை வைத்து மற்ற வீடுகளை ஓரளவு கணக்குப் போட்டுவிடலாம் என்றார் அவர்.

"எங்க வீட்டுப் பெட்டி இருக்கு. நான் மாட்டின ஆணியிலேயே இருக்கு. இப்பதான் கேட்டுட்டு வந்தேன்."

பொறியாளர் மடிக்கணினியில் தேடி அந்த வீட்டுக் கோட்டைத் திரைக்குக் கொண்டுவந்தார். கால்வாயோரத்திலேயே குளுமையான வீடு அதுதான். காலையில் மற்றவர்களைப் போலவே ஏறும் கோடு, வெயில் உச்சிக்கு வரும் நேரமாகப் பார்த்து ஒவ்வொரு நாளும் சரிவில் இறங்கியது. பால்காரர் தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகினார். தலைவியின் பார்வை தையலக்காவின் மேல் விழுந்து அங்கேயே நின்றது. அந்தப் பார்வையில் ஒரு கேள்வியும் இல்லை, தீர்ப்புதான் இருந்தது.

அவமானத்தில் காது மடல் கொதித்தது. தங்கை பொய் சொல்லிவிட்டாளா? தொடவே இல்லை என்றாளே. பெட்டியைத் தொடாமல் எப்படிக் குளிரவைப்பது? யோசித்துக்கொண்டே கோட்டின் கடைசி முனையைப் பார்த்தாள். இன்றைய கோடு அது. மற்ற நாட்களைப் போலவே மதியம் இறங்கியிருந்தது. ஆனால் கொஞ்ச நேரமாக இறங்கவில்லை. திரும்பி மேலே ஏறிக்கொண்டிருந்தது.

"இது இப்ப நடக்குறதா?" என்று கேட்டாள்.

ஆமாம், இந்த நிமிஷத்து அளவு என்றார் பொறியாளர். இன்றைக்கு மட்டும் ஏன் ஏறுகிறது என்று அவரும் முன்னால் குனிந்தார். தினமும் அந்தக் கோட்டை யாரோ கையால் பிடித்து இறக்கியிருக்கிறார்கள். இன்று அந்தக் கை நின்றுவிட்டது. தையலக்கா தங்கைக்குப் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்து அடங்கியது. மறுபடி போட்டாள். அறையில் எல்லோருக்கும் அந்த மணி கேட்டது, எடுக்கத்தான் ஆளில்லை.

தங்கச்சி தனியாக இருக்கிறாள், எட்டாம் மாதம் என்று யாருக்கென்று இல்லாமல் சொல்லிவிட்டு அவள் படியில் இறங்கி ஓடினாள். பொறியாளர் பின்னாலேயே வந்து தன் ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டார். வழியெல்லாம் அனல் முகத்தை உரித்தது. சிக்னலில் வண்டி நின்ற நேரம் முழுவதும் அவள் அவருடைய சட்டையின் முதுகைப் பிடித்துக் கசக்கிக்கொண்டிருந்தாள். கால்வாயோரத்துச் சந்தில் வண்டி நுழையாது. முனைக் கடையிலேயே குதித்து, என்ன ஏது என்று கேட்டவர்களுக்குப் பதில் சொல்லாமல் தெருவின் கோடிவரை ஓடினாள். கேட்டவர்களும் பின்னாலேயே ஓடிவந்தார்கள்.

கதவு சாத்தியிருந்தது, தாழ் போடவில்லை. தள்ளியதும் அனல் வெளியே வந்தது. முதலில் கண்ணில் பட்டது விசிறி. அது கட்டிலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சுவரில் இருந்த பெட்டியைப் பார்த்துச் சுழன்றுகொண்டிருந்தது. விசிறிக்கும் பெட்டிக்கும் நடுவே கொடிகட்டி ஒரு போர்வை தொங்கியது. ஈரப் போர்வை வழியாகக் காற்று போனால் சில்லென்று வரும். தங்கை பெட்டியைத் தொடவே இல்லைதான். இப்போது போர்வை உலர்ந்து மொடமொடவென்று ஆடியது. பெட்டியின் நெற்றியில் சிவப்பு எரிந்தது. கீழே, கவிழ்ந்த வாளிக்குப் பக்கத்தில், தங்கை தரையில் சாய்ந்து கிடந்தாள். கையில் இன்னும் குவளை இருந்தது.

தொட்டால் உடம்பு தகரமாகச் சுட்டது. கண் பாதி திறந்திருந்தது, ஆனால் அக்காவை அடையாளம் தெரியவில்லை. தையலக்கா பெயர் சொல்லிக் கூப்பிட்டாள், கன்னத்தைத் தட்டினாள், மடியில் போட்டுக்கொண்டு பைத்தியம் பிடித்தவளாக எதையோ அரற்றினாள். அந்த நேரத்தில் தெருதான் வேலை செய்தது. இத்தனை நாள் பெட்டிகளைக் குளிரவைத்த கைகள் எல்லாம் ஒன்றாக உள்ளே வந்தன. பாத்திரக்காரம்மா தொட்டிலாகக் கட்டிய ஈரச் சாக்கை உருவிக்கொண்டு வந்து போர்த்தினாள். கடைக்காரர் ஃப்ரிட்ஜிலிருந்த ஐஸைத் துணியில் கொட்டி முடிந்து, கழுத்துக்கும் அக்குளுக்கும் கொடுத்தார். யாரோ விசிறியைத் திருப்பினார்கள். மூட்டைக்காரர் குனிந்து, அவளை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு சந்து முழுக்க நடந்தார். அவ்வளவு மெதுவாக, அவ்வளவு பதமாக அவர் எதையும் தூக்கி யாரும் பார்த்ததில்லை. பொறியாளர் அதற்குள் ஒரு வாடகைக் காரை முனைக்குக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்.

ஆஸ்பத்திரியில் தையலக்காவை வெளியே உட்கார வைத்துவிட்டார்கள். போன வருஷமும் இதே பெஞ்சு. உள்ளேயிருந்து யார் வந்தாலும் அவர்களுடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் ஒரு நர்ஸ் கதவைத் திறந்து கையசைத்துக் கூப்பிட்டாள். தங்கையின் வயிற்றில் ஒரு கருவியை வைத்து அழுத்திக்கொண்டிருந்தார்கள். முதலில் வெறும் இரைச்சல். நர்ஸ் கருவியை இந்தப் பக்கம் நகர்த்தினாள், அந்தப் பக்கம் நகர்த்தினாள். பிறகு டொக் டொக் டொக் என்று அவசரமாக ஒரு துடிப்பு அந்த அறை முழுவதும் கேட்டது. தையலக்கா சுவரில் சாய்ந்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

தங்கைக்குத் தெளிவு வந்ததும் கேட்ட முதல் கேள்வி இது.

"பெட்டிக்கு ஒண்ணும் ஆகலையே அக்கா? தண்ணி ஊத்த எந்திரிச்சேன், அப்புறம் தெரியல. சிவப்பு வந்திருக்கும்."

"உனக்குப் புத்தி இருக்கா? விசிறியை உன் பக்கம் வச்சுக்கணும்னு தோணலையா?"

"அது கெட்டுப்போச்சுன்னா கூரை வராதுன்னு நீதான சொன்ன. அப்புறம் இவனுக்கு என்ன பண்றது?" என்று வயிற்றைக் காட்டினாள்.

ஒவ்வொரு மதியமும் அந்த அறையில் இருந்த ஒரே காற்றைப் பெட்டிக்குக் கொடுத்துவிட்டு, வாளியைத் தூக்கித் தூக்கிப் போர்வையை நனைத்தபடி இந்தப் பெண் நின்றிருக்கிறாள். அதுவும் அக்கா சொன்ன ஒரு சொல்லைத் தட்டக்கூடாது என்பதற்காக.

மறுநாள் கூட்டம் மறுபடி கூடியது. பொறியாளர் தான் பார்த்ததை மறைக்காமல் சொன்னார். தவறில் தன் பங்கையும் சேர்த்தே சொன்னார். தலைவி திரையிலிருந்த இரண்டு கோடுகளையும் அணைக்கச் சொன்னார். பிறகு, விலக்குகிற பேச்சை விடுங்கள், கால்வாயோரத்தில் பதினைந்து நாள் புதிதாக அளக்கலாம், அதுவரை முடிவு வேண்டாம் என்றார். பால்காரர் பெருமூச்சு விட்டார். பதினைந்து நாள்தான், அதற்கு மேல் ஒரு நாள்கூட எங்கள் தெரு காத்திருக்காது என்று சொல்லிச் சம்மதித்தார். எல்லோரும் எழுந்திருக்கப் போனார்கள். தையலக்கா எழுந்திருக்கவில்லை.

"அளக்குறதுக்காக நாங்க இன்னும் பதினஞ்சு நாள் வேகணும். வேகுறோம். ஆனா வயித்துப் பிள்ளைக்காரிங்களும் கைக்குழந்தைங்களும் வேக முடியாது. மத்தியானத்துல இந்த ரூம் சும்மாதான இருக்கு? திறந்து விடுங்க. ரெண்டு தெருவுக்கும்."

பால்காரர் சட்டென்று நிமிர்ந்து அவளைப் பார்த்தார். தலைவி மேஜையைப் பார்த்தார், தரைவிரிப்பைப் பார்த்தார், ஏ.சி.யைப் பார்த்தார். இது அலுவலகம் என்று ஆரம்பித்தார். தையலக்கா உட்கார்ந்தே இருந்தாள். தங்கைக்கு ஒரு குளுமையான இடம் எங்கே இருக்கிறது என்று போன வருஷம் டாக்டரிடம் கேட்காமல் விட்ட கேள்விக்கு விடை இந்த நான்கு சுவருக்குள் இருந்தது. அது கிடைக்காமல் அவள் படியிறங்குவதாக இல்லை. பொறியாளரும் எழுந்தவர் திரும்ப உட்கார்ந்துகொண்டார். அவரைப் பார்த்துப் பால்காரரும் உட்கார்ந்தார். தலைவி கடைசியில் பியூனைக் கூப்பிட்டு, நாளையிலிருந்து மதியத்தில் மேஜையை ஓரமாக நகர்த்திப் போடச் சொன்னார்.

தையலக்கா மறுபடி வீடு வீடாகப் போனாள். இந்தத் தடவை பெட்டி அதன் ஆணியிலேயே இருக்கட்டும், யாரும் அதைக் கவனிக்காதீர்கள், சிவப்பு வந்தால் வரட்டும், அது வேகட்டும் என்று சொன்னாள். தலையாட்டினார்கள். ஆனால் சுலபமாக இல்லை. பாத்திரக்காரம்மா மதியமானால் பெட்டிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாள், கண்கொண்டு பார்க்க முடியவில்லையாம். மூட்டைக்காரர் அவள் முகத்தைப் பார்க்காமலே, நீ கூட்டத்தில் சொன்னது நல்லதுதான் என்று முணுமுணுத்தார். கடைக்காரர் ஃப்ரிட்ஜில் பெட்டி இருந்த இடத்தில் ஐஸ் தட்டு வைத்து, தெருவுக்கு என்று எழுதி ஒட்டினார்.

தையலக்கா பட்டறையில் பொத்தான் தைக்கிற வேலையை வீட்டுக்குக் கேட்டு வாங்கிக்கொண்டாள். வீட்டில் ஆள் புழங்கினால்தான் அளவு சரியாக வரும் என்று பொறியாளர் சொல்லியிருந்தார். முதல் மதியம், தங்கையை அலுவலகத்தில் விட்டுவிட்டு வந்து, விசிறியைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தாள். மேலே தகரம் சூட்டில் படபடவென்று விரிந்து சத்தம் கொடுத்தது. தங்கை போன் செய்தாள். பக்கத்தில் மேட்டுத் தெருப் பெண் ஒருத்தி குழந்தையோடு படுத்திருக்கிறாளாம், ஏ.சி. குளிரில் இரண்டு பேரும் ஒரு போர்வையைப் பங்கு போட்டுக்கொண்டார்களாம். நாளைக்கு இன்னொரு போர்வை கொண்டு வா அக்கா என்றாள். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டாள், பெட்டி என்ன பண்ணுகிறது என்று.

நல்லா இருக்கு, நீ தூங்கு என்று சொல்லி வைத்தாள்.

நிமிர்ந்து பார்த்தபோது பச்சை போய்ச் சிவப்பு வந்திருந்தது. வாளியில் நனைத்துவைத்த துணியை எடுத்துக்கொண்டு தையலக்கா எழுந்தே விட்டாள். கை பெட்டிவரைக்கும் போய்விட்டது. அப்புறம்தான் நினைவு வந்தது. அந்தரத்தில் நின்ற கையைக் கீழே இறக்கினாள், அதே துணியால் தன் முகத்தையும் கழுத்தையும் அழுத்தித் துடைத்துக்கொண்டாள். சிவப்பு எரிந்துகொண்டிருந்தது. அடுத்த பொத்தானை எடுத்து ஊசியில் கோத்தாள்.